அய்ஜமாலின் போன்

பிஷ்கேக் கம்பளி ஆலை இயக்குநர் துர்சுன்பெக்குக்குச் செயலாளர் அய்ஜமால்மேல் சந்தேகம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தாலே, அவள் போனை அவர் பக்கம் திருப்பி நிறுத்திவைப்பாள்.

'பதிவு செய்து அமைச்சகத்துக்கு அனுப்புகிறாளோ?' பயந்துபோய், ஊழியர்களிடம் கத்துவதை விட்டார். ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசினார். மற்றவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்டார்.

நவ்ரூஸ் புத்தாண்டு விருந்தில் அவர் வாழ்த்துரை முடிந்ததும், தொழிலாளர்கள் முதன்முறையாகக் கைதட்டினார்கள். அப்போதும் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டில் சாய்ந்தபடி அந்தப் போன்!

அவளைத் தனியே அழைத்தார்.

"யாரு சொல்லிப் பதிவு பண்றே? குடு அதை!"

கொடுத்தாள். எதை அழுத்தியும் திரை ஒளிரவில்லை.

"அது செத்து ஆறு மாசமாச்சு, துர்சுன்பெக் பைகே. பேச்சுப் பயிற்சிக்குப் போங்கன்னு சொன்னதுக்கு, என் கையிலேருந்து பிடுங்கிச் சுவத்துல அடிச்சீங்களே... அந்தப் போன்தான்."