எதிர்ச் சுவர்

“இது என் மனைவி இல்லப்பா,” என்றார் முதலாளி.

ஓவியர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மூன்றாவது படத்துக்கும் இதே வாக்கியம். முதல் தடவை கேட்டபோது தான் வரைந்த மூக்கைச் சந்தேகப்பட்டார். இரண்டாம் தடவை தன் கண்ணையே சந்தேகப்பட்டார். இப்போது இந்த மனிதரைத்தான் சந்தேகப்படத் தோன்றியது.

முதலாளி சாதாரண ஆள் இல்லை. நாலைந்து ஊர்களில் இரும்புக் குழாய் ஆலைகள் நடத்துகிறவர். சம்பாதித்ததில் பெரும்பங்கை ஓவியங்களில் போட்டவர். மாடிப்படி வளைவில்கூட இடம் விடாமல் படங்கள் மாட்டியிருந்தார். ஏலத்துக்கு வரும் பழைய படத்தில் யாரோ பின்னால் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்ணாடி போடாமலே காட்டிவிடுவார் என்று பேச்சு. அப்படிப்பட்டவர் கூப்பிட்டனுப்பி, போன வருஷம் இறந்துபோன மனைவியை வரைந்து தரச் சொன்னபோது ஓவியருக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். படம் சாப்பாட்டு அறையில், அவருடைய நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில் தொங்கும். அவர் உட்கார்ந்தால் மனைவி அவரை நேராகப் பார்க்க வேண்டும்.

மகள் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் புகைப்படங்களைக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் அந்த அம்மாள் கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கையின் தோளில் சாய்ந்துகொண்டு, ஆலையில் வேலை பார்க்கும் பெண்களோடு பந்தயம் ஓடி மூச்சிரைத்துக்கொண்டு. கணவரோடு எடுத்தது ஒன்றுதான் கிடைத்தது. அதில் அந்த அம்மாளின் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்ததால், இது உதவாது என்று ஓவியர் ஒதுக்கிவிட்டார்.

முதல் படத்தை முதலாளி வெகுநேரம் பார்த்தார். இது அவள் இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே எழுந்துபோனார். என்ன குறை என்று கேட்டதற்கு, நடையில் மாட்டியிருந்த வேறொரு படத்தின் சட்டத்தைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். ஓவியர் மூக்கைத் திருத்தி, கன்னத்து மச்சத்தைச் சற்றுக் கீழே இறக்கி, இன்னொரு படம் கொண்டுபோனார். அதுவும் தேறவில்லை. புதுக் கான்வாஸை இழுத்துக் கட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டில் ஓவியரின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. செத்துப்போனவரோடு குடித்தனம் நடத்துவதாக இவரைக் கிண்டல் செய்தாள். தன் முகத்தை ஒரு நாளாவது இப்படி உற்றுப் பார்த்ததுண்டா என்று கேட்டாள். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கும் வந்தாள். “அந்தப் பெரியவர் மனசுல வேற ஏதோ ஒரு முகம் இருக்குங்க. நீங்க எத்தனை வரைஞ்சாலும் ஒட்டாது.”

ஓவியருக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டிருந்தது. பணக்காரர்கள் வீட்டில் எத்தனையோ கதை. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை.

மூன்றாவது படத்தில் உயிர் வந்துவிட்டது. வரைந்தவருக்கே அது தெரிந்தது. இன்று மதியம் அதைச் சுவரில் மாட்டியதும், தட்டோடு வந்த சமையல்கார அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். மகளுக்கு “அம்மா” என்ற ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. அப்புறம் முதலாளி வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்து, அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

மகளுக்கே தாங்கவில்லை. “அப்பா, அம்மா இப்படித்தான் இருப்பாங்க. அச்சு அசல் இதேதான். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“நீ கொஞ்சம் வெளியில இரும்மா,” என்றார் அவர்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இத்தனை நாள் அடக்கிவைத்தது ஓவியருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த வீட்டுச் சுவரில் தொங்குகிற ஓவியர்களெல்லாம் செத்துப்போனவர்கள், அவர்களை யாரும் இப்படி நிற்க வைத்து அலைக்கழிக்க முடியாது, தான் உயிரோடு இருப்பதுதான் தப்பு என்றார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, படத்தைக் கழற்றக் கை நீட்டினார்.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. ஆலையில் அவர் குரல் கேட்டால் எந்திரமே நின்றுவிடும் என்பார்கள். அந்தக் குரல் இப்போது மேஜையைத் தாண்டுவதற்கே சிரமப்பட்டது.

“கழட்டாத, தம்பி. கண்ணு, மூக்கு, மச்சம், எல்லாம் அவதான். உன் கையில ஒரு குறையும் இல்ல.”

“அப்புறம் என்னதான் ஐயா பிரச்சினை? வாயைத் திறந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?”

முதலாளி படத்தைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்தது ஆறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துடு. இங்க உக்காந்தா, அவ யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்னு நான் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கு.”