புது குணாக்கா

"முகம் எங்களுது. குரல் எங்களுது. பேரும் எங்களுது. மூணு வருஷத்துக்கு வேற எந்தச் சேனல்லயும் அதெல்லாம் வரக்கூடாதுக்கா," என்றான் ஜெகதீஸ்வரன்.

சென்னையிலிருந்து காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுக்கு வந்து இறங்கியிருந்தான். குணசுந்தரி இன்று சொந்தமாக நேரலை போடப்போகிறாள் என்று யாரோ அவனுடைய சமையல் வீடியோ கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

குணசுந்தரி அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்பக்கம், ஏரி தெரிகிற இடத்தில், மணையைப் போட்டு உட்கார்ந்தாள். முன்னால் ஒரு பலகை. பக்கத்தில் நண்டுக்கூடை. உள்ளே ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடுகள் உரசிக்கொண்டிருந்தன. விடிகாலையில் புருஷன் சகாதேவன் பிடித்து வந்தவை.

இரண்டு வருஷமாக அவள்தான் 'ஏரிக்கரை குணாக்கா'.

அவள் குழம்பு வைப்பதைக் கம்பெனிக்காரர்கள் படம்பிடித்துப் போட்டார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஆட்கள் அவளை அக்கா என்றார்கள். பழவேற்காடு மார்க்கெட்டில் அவள் இறால் வாங்க நின்றால், காரில் வந்தவர்கள் இறங்கிவந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஜெகதீஸ்வரன் ஒரு மசாலா பாக்கெட்டைக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து இதைப் போட்டுத்தான் நான் குழம்பு வைக்கிறேன் என்று அவள் கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவள் பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். மூடி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"என்ன நம்பி வாங்கித் துன்னுவாங்க தம்பி. நான் சொல்ல மாட்டேன்."

அடுத்த வாரம் சேனலில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

சென்னையில் ஏதோ ஒரு கூடத்துக்குள் கீற்றுக்கொட்டகை போட்டு, பழைய வலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் குணசுந்தரி கட்டுவது போலவே கட்டம்போட்ட புடவை. குணசுந்தரி மாதிரியே "இன்னா கண்ணுங்களா, துன்னீங்களா?" என்று ஆரம்பித்தாள். கீழே 'புது குணாக்கா' என்று எழுத்து ஓடியது. பாக்கெட்டைக் கத்தரித்துக் கொட்டினாள்.

அவள்மேல் குணசுந்தரிக்குக் கோபம் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வந்தவள். ஆனால் நண்டை விரலால் தொடப் பயந்து கரண்டியால் அவள் தள்ளிவிட்டதைப் பார்த்ததும், போனைக் கவிழ்த்துவைத்துவிட்டாள்.

இப்போது அந்தப் போன் வெண்ணிலா கையில் இருந்தது. சகாதேவனின் தம்பி பெண்டாட்டி. நேற்று முழுக்கக் குந்தியிருந்து புதுச் சேனலைத் திறந்தவள் அவள்தான்.

"திரும்ப வந்துடுங்கக்கா," என்றான் ஜெகதீஸ்வரன். குரல் தணிந்திருந்தது. "ஆபீஸ்ல நான் பேசறேன். அந்த ஒரு பாக்கெட்ட மட்டும் கையில புடிச்சிக் காட்டுங்க. இல்லன்னா நிஜமாவே கேஸ் போட்டுருவாங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

குணசுந்தரி நிமிர்ந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு. மொகம், கொரலு, பேரு. அவ்ளோதான?"

"அவ்ளோதான்க்கா."

"நீங்களே வச்சிக்கோங்க."

அவள் பேசியது அதோடு சரி. வெண்ணிலாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வெண்ணிலா போனைக் குணசுந்தரியின் கழுத்துக்குக் கீழே மட்டும் தெரியும்படி இறக்கிப் பிடித்தாள். திரையில் பலகையும் ஒரு மடியும் மட்டும் தெரிந்தன. பேர் போடவேண்டிய இடத்தில் 'நண்டு' என்று மட்டும் இருந்தது.

திரையின் மூலையில் நேரலையின் சிவப்புப் புள்ளி எரிந்தது.

குணசுந்தரி கூடையிலிருந்து ஒரு சேற்று நண்டைப் பின்பக்கமாகப் பற்றித் தூக்கிப் பலகையில் வைத்தாள். உயிர் நண்டு. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததும் கொடுக்கை விரித்துக் காற்றைக் கடித்தது. ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்து, மறு கையால் கொடுக்கை முறித்தாள். ஓட்டைப் பிளந்தாள். ஏரிக்காற்றும் ஓடு உடைகிற சத்தமும் தவிர வேறு சத்தமில்லை.

பக்கத்தில் நின்ற ஜெகதீஸ்வரன் திரையை எட்டிப் பார்த்தான். பதறிப்போனான்.

"அக்கா, அந்தக் கை ஃப்ரேம்ல வருது!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

இரண்டு வருஷமாக ஒவ்வொரு படப்பிடிப்பிலும் அவன் சொன்ன வார்த்தை அது. ஐஸ் உடைக்கிற மெஷினில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்த இடக்கை. சாப்பாட்டு வீடியோவில் பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உயிர் நண்டை உடைக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், உடைத்துக் கழுவிய நண்டைத்தான் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். உலகம் பார்த்த குணாக்காவுக்கு இடக்கையே கிடையாது.

ஒப்பந்தத்தில் அவள் முகத்தை எழுதியிருந்தார்கள். குரலை எழுதியிருந்தார்கள். பேரை எழுதியிருந்தார்கள். இந்தக் கையை எழுதிவைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஜெகதீஸ்வரனின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆபீஸாகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை.

குணசுந்தரி இடக்கையைப் பலகையின் நடுவுக்கு நகர்த்தி, மூன்று விரலால் அடுத்த நண்டின் முதுகை அழுத்திப் பிடித்தாள்.

வெண்ணிலா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.