எல்லைக்கு அப்பால்

சென்னையில் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர் தில்லைநாயகம் சாரல் காலத்தில் குற்றாலம் வந்தால் மாடக்கண்ணுவின் வில்வண்டியில்தான் போவார். பால்ய விவாகத்தைத் தடுக்க வந்த புதுச் சட்டம் பற்றித் தென்காசியில் அவர் பேசியதைக் கேட்டுத்தான், மாடக்கண்ணு தன் பத்து வயது மகளின் கல்யாணத்தை நிறுத்தினான். மாப்பிள்ளையைப் பெற்ற சொந்த அக்காள் அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை.

இந்த வருஷம் பேராசிரியர் அருவிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

“பிரிட்டிஷ் எல்லை எங்கன முடியுது, திருவிதாங்கூர் சமஸ்தானம் எங்கன தொடங்குது? காட்டு,” என்றார்.

மாடக்கண்ணு செங்கோட்டைச் சாலையில் எல்லைக்கல்லைக் காட்டினான். பேராசிரியர் அதைத் தாண்டிப் புளியறை வரை போய், ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிப் பார்த்தார்.

“ஆராய்ச்சியாய்யா?”

“ஆமா. நம்ம சட்டம் இங்கன செல்லாது.”

“இங்கன வந்து கள்ளத்தனமா சின்னப்பிள்ளையளுக்குக் கல்யாணம் பண்ணுதாவளாமே! அவங்களப் பிடிக்கத்தான் வந்திருக்கியளா?”

பேராசிரியர் புன்னகை செய்தார். அக்காளின் கோபத்தைத் தாங்கியது வீண்போகவில்லை என்று மாடக்கண்ணு பூரித்துப்போனான்.

அடுத்த வாரம் தென்காசி ஸ்டேஷனில் அவர் குடும்பத்தை வண்டியில் ஏற்றினான். கடைசி மகள் குழல்வாய்மொழி பட்டுப்பாவாடையோடு தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“குற்றாலத்துக்குத்தானேய்யா?”

“இல்ல, புளியறைத் தோப்புக்கு. பந்தல் போட்டாச்சு. நாளைக்கு இவளுக்கு முகூர்த்தம்.”

மாடக்கண்ணு திரும்பிப் பார்த்தான். அந்தப் பிள்ளைக்கு அவன் மகள் வயதுகூட இருக்காது.

“ஐயா, நீங்க சொல்லித்தானே நான்...”

“நீ செய்ய இருந்தது குற்றம், மாடக்கண்ணு,” என்றார் பேராசிரியர், வகுப்பில் சொல்வது போலப் பொறுமையாக. “இது குற்றமில்லை. வண்டியை ஓட்டு.”