பறை வந்து சேரும் வரை

"பறை எங்கடே?"

சொரிமுத்து கேட்ட பிறகுதான் அவன் தன் கைகளைப் பார்த்தான். வலது கையில் ரோஜா மாலை இருந்தது. இடது கையில் ஒன்றுமில்லை.

கூட அடிக்கும் மற்ற நாலு பேரையும் பார்த்தான். நாலு பேரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஆளுக்கொரு மாலையோடு நின்றார்கள்.

ஒருவரிடமும் பறை இல்லை.

இருபத்திரண்டு வருடத்தில் எந்த இழவு வீட்டுக்கும் அவர்கள் ஒரு குச்சியைக்கூட மறந்து போனதில்லை. கொட்டும் மழையில் போயிருக்கிறார்கள். காய்ச்சலோடு போயிருக்கிறார்கள். ஆனால் எந்தச் சாவு என்றாலும் போன் பண்ணுவது குழுவுக்கு மூத்தவரான மாசானம் அண்ணன்தான். இன்ன ஊர், இன்ன தெரு, பறையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்பார்.

இன்று செத்துப்போனது மாசானம் அண்ணன். போன் பண்ணியது அவர் தம்பி சொரிமுத்து. அண்ணன் போய்விட்டான் என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

ஐந்து பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி வந்து நின்றார்கள். வெட்கக்கேடு.

அண்ணனுடைய பறை அவர் தலைமாட்டில் இருந்தது. அது அவரோடு மண்ணுக்குள் போக வேண்டியது. அதை யாரும் தொடமாட்டார்கள்.

ஊருக்கெல்லாம் அடித்தவரை அடியில்லாமல் தூக்குவதா என்று சொரிமுத்து அழுதார். போய் எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகும். நான் போகிறேன் என்று அவன்தான் முதலில் சொன்னான். சொரிமுத்து விடவில்லை. அண்ணனுக்கு அடுத்தபடி நீதான், நீ பக்கத்தில் இரு என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். மற்ற நாலு பேரும் இரண்டு பைக்கில் பறந்தார்கள்.

அவன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அப்போதுதான் கேட்டது.

ஆயிரம் இழவு வீட்டில் நின்றிருப்பான். பறைச் சத்தத்தில் ஒரு வீட்டையும் காதால் கேட்டதில்லை. வாய்கள் திறப்பது தெரியும், மார்பில் அறைவது தெரியும். அதைப் பார்த்து அடியைக் கூட்டுவான், குறைப்பான். அவ்வளவுதான்.

இப்போது ஐஸ் பெட்டி உறுமுவது கேட்டது. யாரோ டீயில் சீனி போதவில்லை என்றார்கள். நாற்காலியை இழுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இசக்கித்தாயின் குரல் கேட்டது. அண்ணனின் மனைவி. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

ஒப்பாரியைக் கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இனி ஒரு சொட்டு பட்டாலும் விஷம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சாவு வீட்டில் எல்லோரும் குடிக்கும்போது இவர் மட்டும் எட்டு மாதம் டீத்தண்ணியோடு நின்றதைச் சொன்னாள்.



போன மாதம். ஒரு பெரிய வீட்டுச் சாவு. அன்று அண்ணனின் கை எழவே இல்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. டீ டம்ளரில் சாராயத்தை ஊற்றி அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் தலையை ஆட்டினார். அவன் டம்ளரை இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே நின்றான்.

அன்றைக்கு அண்ணன் அடித்த அடியில் ஊரே திரண்டுவிட்டது.

மறுநாளும் குடித்தார். அதற்கு மறுநாளும். இருபதாம் நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார்.

அவன் ஊற்றிக் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. அது அண்ணனோடு போய்விட்டது என்று நினைத்துத்தான் அவன் மாலை வாங்கி வந்தான்.

இசக்கித்தாய் அவன் பக்கம் திரும்பினாள்.

"எட்டு மாசம் தொடாம இருந்தீகளே எம் ராசா. ஊத்திக் குடுத்தது ஆருன்னு எங்கிட்டச் சொல்லிட்டுல்லா போயிருக்கீக."

வாசலில் பைக் சத்தம் கேட்டது.

அவன் எழுந்து ஓடினான். வைக்கோலைக் கொளுத்தி ஒருவன் பறைக்குச் சூடு காட்டப் போனான். காயாத தோல் பேசாது. அது தொழில் தெரியாதவனுக்கும் தெரியும். அவன் காத்திருக்கவில்லை. கையிலிருந்து பிடுங்கி, அப்படியே அடித்தான். தோல் சவசவ என்றது. இன்னும் ஓங்கி அடித்தான். அடித்தபடியே உள்ளே வந்து அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றான்.

அவள் வாய் அசைந்தது. கையை நீட்டி அவனைக் காட்டினாள்.

ஒரு எழுத்துகூட வெளியே கேட்கவில்லை.

குச்சி பட்டு விரல் கிழிந்தது. ரத்தம் வேட்டியில் சொட்டியது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாடை கிளம்பியது. அவன் விடாமல் அடித்தான். மாற்றி அடிக்க வந்தவனை முழங்கையால் தள்ளினான்.

தெருமுக்கில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் ஆண்கள் மட்டும்தான் போவார்கள். பாடை முக்கைத் தாண்டியதும் அவன் கை தானாகக் கீழே இறங்கியது. மற்ற நாலு பேரும் அடித்துக்கொண்டே முன்னால் போனார்கள். சத்தம் தூரமானது.

சொரிமுத்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அண்ணன் குடுத்து வச்சவன்டே. ஒன்ன மாதிரி ஒரு ஆளு ஆருக்குக் கெடைக்கும்?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

பெண்கள் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். இசக்கித்தாய் அவர்களோடு போகவில்லை. தலையை விரித்துப் போட்டபடி, முக்கைத் தாண்டி, ஆண்களுக்குப் பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

இடுகாட்டுக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது.

அவன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தான்.