சனிக்கிழமைப் பசி

“மறுபடியும் ஏறியிருக்கே ரோவேனா! ராத்திரி திருட்டுத்தனமா தின்னியா?”

எடை பார்க்கும் எந்திரத்தின் மேல் நின்றிருந்த ரோவேனாவுக்கு முகம் சிவந்தது. “சத்தியமா இல்ல பெலிசா அக்கா. நேத்து பூரா வெறும் காப்பித்தண்ணிதான்.”

“காப்பித்தண்ணியில சதை போடுமா? மனசுல உறுதி வேணும்மா. அடுத்த வாரம் வியாழக்கிழமையிலிருந்தே பட்டினி கெட.”

செபு நகரத்தின் அந்தத் தெருவில் பெலிசா அக்காவுக்குத் தனி மரியாதை. சனிக்கிழமைதோறும் தெருப் பெண்களைத் தன் வீட்டுக்கு அழைத்து எடை பார்ப்பார். இளைக்க வழி சொல்வார். காசு வாங்க மாட்டார்.

எடை பார்த்து முடிந்ததும் பெண்கள் எல்லோரும் எதிரே இருந்த கிரிஸ்பின் கடைக்குள் பாய்வார்கள். கரி நெருப்பின் மேல் முழுப் பன்றி சுழன்று கொண்டிருக்கும். பசித்த வயிறு அந்த மணத்தைத் தாங்குமா? தென்னையோலைப் பொட்டலச் சோற்றைப் பிரித்துப் பிரித்துத் தின்ற ரோவேனாவுக்கு அன்று கண் கலங்கியது.

“கிறிஸ்துமஸுக்குக் கப்பல்லருந்து அவர் வர்றாரு டெலியா. அவர் வாங்கித் தந்த கவுன்ல ஜிப்பு பாதியிலயே நிக்குது. எனக்கு வாயக் கட்டத் தெரியலயே! நான் ஒரு பன்னி.”

“பன்னியத் திங்கிற பன்னி,” என்றாள் டெலியா, வாய் நிறைய. “அந்தத் தோலை இப்படித் தள்ளு.”

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தையில் ரோவேனா மயங்கி விழுந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ் மரிவிக் அவளைத் திட்டித் தீர்த்தாள்.

“பட்டினி கெடந்தா அடுத்த வேளை அள்ளி அள்ளித்தான் திம்ப. உனக்கு உறுதி இல்லாம இல்ல, வயித்துக்குப் பயம் வந்துருச்சு. மூணு வேளையும் அளவாச் சாப்பிடு, போ.”

பயந்துகொண்டேதான் சாப்பிட்டாள். ஆனால் மாதக் கடைசியில் எந்திரத்தில் ஏறியபோது எடை நன்றாகவே குறைந்திருந்தது. பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

“என்னடி பண்ணின?”

“காலையில சோறு, கருவாடு, முட்டை. சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன். கடைப்பக்கம் போகவே தோணல.”

“எடை பார்க்கிற அன்னிக்குச் சாப்பிட்டுட்டா வர்ற?” பெலிசா அக்கா கத்தினார். “நீ கெட்டது போதும், மத்தவங்களையும் கெடுக்காத!”

யார் கேட்டார்கள்? அதற்குப் பிறகு எல்லோருமே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சில வாரங்களில் டெலியாவுக்குக்கூட இடுப்பு தெரிந்தது.

“எல்லாம் உங்க புண்ணியம்க்கா!” ரோவேனா பெலிசா அக்காவைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். பெண்கள் சிரித்துப் பேசியபடி, எதிர்வரிசையைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

கடைசிப் பெண் தெருமுனை திரும்பும்வரை கையசைத்துவிட்டு, பெலிசா அக்கா சாலையைக் கடந்து கடையின் பின்வாசல் வழியாக உள்ளே போனார். கல்லாவில் இருந்த கிரிஸ்பின் பதறி எழுந்து இடம் விட்டான்.

“அடுத்த சனிக்கிழமை நம்ம கடைக்குப் பன்னி வேணாம்டா, ஒரு கோழி போதும்,” என்றார், கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்தபடி. “பாவிங்க, வீட்டுலயே சாப்பிட ஆரம்பிச்சுட்டாளுங்க!”