மோர் குடிக்க நின்றவர்

முதலாவதாக ஓடிக்கொண்டிருக்கிற ஆள், பந்தயத்தை விட்டுவிட்டு ஒரு வீட்டு வாசலில் நின்று மோர் குடித்தால் அவரை என்னவென்று சொல்வது?

இலியாஸ் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டான். அதை இங்கே எழுத முடியாது. ஆனால் சந்தோஷத்தில் சொன்ன வார்த்தைதான்.

சந்தோஷம் இருக்காதா பின்னே? இலியாஸுக்குச் சேந்தமங்கலத்தில் பெயிண்ட் கடை. ஓட்டம் அவனுக்குப் பிழைப்பு இல்லை, பித்து. விடியற்காலையில் சுபுஹு தொழுத கையோடு காரவள்ளி ரோட்டில் ஓட ஆரம்பித்தானென்றால், இட்லி ஆறிப்போகிறது என்று மனைவி சபீரா ஆள் அனுப்பித்தான் அவனைக் கூப்பிட வேண்டும்.

கொல்லிமலையில் ஓர் இளைஞர் மன்றம் வருஷா வருஷம் ஓட்டப் பந்தயம் நடத்தியது. போன இரண்டு தடவையும் இலியாஸ் இரண்டாவது. முதலாவது, செம்மேட்டில் விவசாய ஆபீஸில் வேலை பார்க்கும் சவரிமுத்து. இந்த 2004இலாவது அவரை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும் என்று இலியாஸ் வருஷம் முழுக்க ஓடிப் பழகியிருந்தான்.

இந்தத் தடவை பாதையை மாற்றியிருந்தார்கள். செம்மேட்டில் கிளம்பி, வாழவந்தி நாட்டு ஊர்களைச் சுற்றி, மறுபடி செம்மேடு.

பாதி தூரம் சவரிமுத்துவின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினான். அந்த முதுகும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷமும் போச்சு என்று ஒரு ஊருக்குள் திரும்பினால், மனிதர் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் கையில் செம்போடு நிற்கிறார். பக்கத்தில் ஒரு அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சார், மோரா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் இலியாஸ்.

"நீங்க போங்க பாய். ஊர் தாண்டுற வரைக்கும் கொஞ்சம் மெதுவாப் போங்க."

மெதுவாகவாம். இவர் மோர் குடித்துவிட்டு வரும்வரை நான் காத்திருக்க வேண்டுமாக்கும் என்று நினைத்த இலியாஸ், இருக்கிற பலத்தையெல்லாம் காலுக்குக் கொடுத்து அந்தத் தெருவைக் கடந்தான்.

ஜெயித்தும் விட்டான். சவரிமுத்து எல்லாருக்கும் கடைசியில் வந்து சேர்ந்தார்.

கோப்பையை வாங்கியதும் இலியாஸிடம் மைக்கைக் கொடுத்துத் தொலைத்தார்கள்.

"ஓட்டத்துக்குக் கால் மட்டும் பத்தாதுங்க. நாக்கைக் கட்டணும். நம்ம சவரிமுத்து சார் ஒரு செம்பு மோருக்குக் கப்பை வித்துட்டாரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சவரிமுத்துவும் சிரித்தார். மேடையை விட்டு இறங்கியவனிடம் வந்து, "நல்லா ஓடுனீங்க பாய்" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிய இலியாஸ், அடிவாரத்துக்கு இறங்காமல் வண்டியை வாழவந்தி நாட்டுப் பக்கம் விட்டான். முதல் பரிசையே விடவைத்த மோர் எப்படித்தான் இருக்கும், பார்த்துவிடலாம் என்ற குறும்புதான்.

அந்த வீட்டு வாசலில் இப்போது ஒருவர் உட்கார்ந்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் சின்னுசாமி என்றார்.

"ஏனுங்க, கொஞ்சம் மோர் கெடைக்குங்களா?"

"மோருங்களா? எங்க ஊட்டுல மாடே இல்லீங்களே. தண்ணி தரட்டுங்களா?"

இலியாஸ் விழித்தான். "காலைல ஆபீஸ் சார் இங்க நின்னு செம்புல குடிச்சிட்டிருந்தாரே?"

"அவரு எங்கீங்க குடிச்சாரு? எங்கூட்டுக்காரி கண்ணாயிக்கு மொகத்துல தெளிச்சுக் குடிக்கக் குடுத்துட்டிருந்தாரு."

"ஏன், அவங்களுக்கு என்ன?"

சின்னுசாமி மிளகைத் துழாவுவதை நிறுத்தினார்.

"எங்க பக்கம் யாரும் சும்மா ஓட மாட்டாங்க சாமி. சாவு உழுந்தா, கேதம் சொல்றவன்தான் ஓடியாருவான். எங்க பெரியவன் ஆழ்கெணறு போடற போர்வண்டியில வேலைக்குப் போயி, வடக்க கரண்டடிச்சுச் செத்துட்டான். செம்மேட்டு பூத்துக்குப் போன் வந்து, ஒருத்தன் ஓடியாந்துதான் சொன்னான். இப்பச் சின்னவனும் போர்வண்டியிலதான் இருக்கான். தெருவுல யாராச்சும் ஓடற சத்தம் கேட்டாப் போதும், இவ மயங்கி உழுந்துருவா."

இலியாஸ் தெருவைத் திரும்பிப் பார்த்தான்.

"சாருக்கு அது தெரியுமுங்க. தெனமும் ஓடிப் பழகறப்பகூட எங்க ஊருக்குள்ள வந்தா நடந்துதான் போவாரு. பந்தயம் வருதுன்னு நேத்தே வந்து சொல்லீட்டும் போனாரு. சொல்லி என்ன பண்றது, சத்தம் கேட்டா அவளுக்குப் புத்தி நிக்கறதில்லையே. நான் காட்டுல இருந்தேன். அவருதான், 'சின்னவன் நல்லா இருக்கான், இது பந்தயந்தான்'னு சொல்லிச் சொல்லிக் கடைசி ஆளு தாண்டற வரைக்கும் கூடவே இருந்தாராம். எல்லாரும் அவரு சொல்லக் கேட்டு நடந்துதான் போனாங்களாம். ஒருத்தரு மட்டும் தடதடன்னு ஓடிப் போனாராம். அப்பத்தான் ரொம்ப நடுங்கிட்டாளாம்."

இலியாஸ் கோப்பை இருந்த பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டான். அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

"அது கெடக்குதுங்க. எங்களால அவருக்குப் பரிசு போயிருமோன்னு இவ காலைலேருந்து அழுதுக்கிட்டே இருக்கா. நீங்க செம்மேட்டுலேருந்துதான வாரீங்க? யாருங்க ஜெயிச்சது?"

உள்ளேயிருந்து கண்ணாயி நிலைப்படி வரை வந்து, பதிலுக்காக நின்றாள்.

இலியாஸ் பையைத் திறந்து கோப்பையை வெளியே எடுத்தான்.

"சவரிமுத்து சார்தாங்க ஜெயிச்சாரு. அவரோட கப்பு தவறிப்போய் என் பையில வந்துருச்சு. குடுக்கத்தான் போய்ட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தெருமுனை வரை வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே நடந்தான்.