கதவை மறித்தவன்

“ஜெர்மனியில சம்பளத்துக்கு அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினவன் நீ! உன்னைத் தாண்டி ஒருத்தனும் பந்தோட போனதில்லை. அதை விட்டுட்டு வந்து கொம்பியூட்டர் கேமுக்குக் கழகம் நடத்தப் போறியோ?” பரராசசிங்கத்தின் குரலுக்கு டென்மார்க்கின் பிராண்டே நகரமே அதிர்ந்திருக்கும்.

“அதுவும் விளையாட்டுத்தான், அப்பா. அணிக்கு ஆக்களும் சேர்த்திட்டன். இண்டைக்கு முதல் போட்டி,” என்றான் நிரோஜன்.

“எந்த விசரர் சேர்ந்தவை? கொம்மாவை நினைச்சுப் பாத்தியோ? காலமையில இருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். உலையும் வைக்கேல்லை. பெத்த வயிறு பத்தி எரியாதோ?”

“அம்மாவை இப்ப குழப்பாதேங்கோ.” நிரோஜன் அறைவாசலை மறித்து நின்றான்.

“என்ர பெண்சாதியைப் பார்க்க நீ எனக்கு வழி விடமாட்டியோ?” கொதித்துப்போன பரராசசிங்கம் குனிந்து, மகனின் கைக்கு அடியால் புகுந்து கதவைத் தள்ளினார்.

உள்ளே சிவகௌரி அழவில்லை. காதில் ஹெட்போன், வீட்டுச் சட்டைக்கு மேலே நிரோஜனின் புதுக் கழக ஜெர்சி. திரையில் துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருந்தன. டேனிஷில் யாருக்கோ கட்டளையிட்டுக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சீறினாள்:

“கதவைச் சாத்துங்கோ! அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆக்களின்ர போட்டி, நான்தான் கப்டன். பசிச்சால் அரிசி வாளிக்குள்ள கிடக்கு, உலையை வையுங்கோ!”